தென் கொரியாவின் நாயிறைச்சித் தடை: மிஞ்சும் நாய்கள் என்னவாகும்?

கேள்வி

தென் கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரி 9 அன்று, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல், 208 வாக்குகளுடன் நாயிறைச்சித் தொழிலுக்குத் தடை விதித்தது. மூன்றாண்டு அவகாசம் முடிந்து, 2027 பிப்ரவரியில் தண்டனைப் பிரிவுகள் நடைமுறைக்கு வருகின்றன. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. உண்பவரைச் சட்டம் ஏன் தொடவில்லை? அரசுக் கணக்கில் வந்த 1,537 பண்ணைகளின் ஏறத்தாழ 4,66,000 நாய்கள் எங்கே போகும்?

பதில் 1

சியோலை அடுத்த சொங்நாம் நகரில் இரண்டாண்டுகள் வசித்தவன் என்பதால் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். இறைச்சிக்காக நாயைக் கொன்றால் மூன்றாண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வொன் வரை அபராதம். வளர்ப்பதற்கும் விற்பதற்கும் இரண்டாண்டு வரை. பழைய சட்டங்களில் ஒன்று நாயைக் கால்நடை என்கிறது, இறைச்சிச் சுகாதாரச் சட்டமோ அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வளர்க்கலாம், ஆனால் அறுப்பதைக் கண்காணிக்க ஆளில்லை என்ற அந்த இடைவெளியில்தான் இத்தொழில் இத்தனை காலம் பிழைத்தது. எனவே தொழிலை அடைத்ததே சரி. உச்சக் கோடையின் சாம்பொக் நாள்களில் பொசின்தாங் என்னும் நாய்க்கறிச் சாறு தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். என்னோடு வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. 2019இல் நாயிறைச்சிக்குப் பேர்போன அந்நகரின் மொரான் சந்தைக்குப் போனபோது, நகராட்சியுடன் செய்த உடன்பாட்டின்படி உயிருள்ள நாய்களின் கூண்டுகள் அகற்றப்பட்டிருந்தன. குளிர்பெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ரோமம் பொசுக்கிய உடல்கள் மட்டும் அடுக்கியிருந்தன. பிறகு அந்தத் தெருவுக்கு நான் போகவில்லை.

பதில் 2

இரண்டாவது ஐயம்தான் கடினமானது. சீக்கிரம் மூடும் பண்ணையாளருக்கு ஒரு நாய்க்கு 6,00,000 வொன், தாமதிப்பவருக்கு 2,25,000 வொன் வரை குறைத்து என்று இழப்பீடு வகுத்திருப்பது நல்ல உத்தியே. ஆனால் பணம் வாங்கியவர் நாயை எங்கே விடுவார்? அவற்றில் பல, தரையிலிருந்து உயர்த்திய கம்பிக் கூண்டில், உணவகத்து எச்சிலைத் தின்று வளர்ந்த பெரிய கலப்பின நாய்கள். அடுக்குமாடி வாழ்க்கைக்கு அவை பொருந்தமாட்டா. தோசா என்னும் பெரிய சண்டைநாய் இனமோ, வளர்க்க அனுமதி வேண்டிய அபாய இனங்களின் பட்டியலில் உள்ளது. காப்பகங்களில் இவ்வளவுக்கும் இடமில்லை. மனத்துக்கு ஒப்பவில்லை என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: அவகாசக் காலத்திலேயே பெரும்பகுதி அறுபட்டுவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

பதில் 3

பொசின்தாங் கடைகள் பல இப்போது கருப்பு வெள்ளாட்டுச் சாற்றுக்கு மாறிவருகின்றன. நாய் தப்பியது, ஆடு மாட்டிக்கொண்டது. இதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோடையில் உடலுக்கு வலு தருவது இறைச்சிதான் என்பதும் கட்டாயமில்லை. சோயாவை ஊறவைத்து அரைத்த குளிர்ந்த பாலில் நூடுல்ஸ் இட்டு, மேலே வெள்ளரிக்காய் தூவிய கொங்குக்சு அங்கே காலங்காலமாகக் கோடையுணவு. சியோலில் ஜூலை மாத நண்பகலில் அந்தக் கடைகளின் வாசலிலும் வரிசை நிற்கிறது.