'ஃபிக்கிள்' என்றால் நம்பக்கூடாத ஆள் என்று அர்த்தமா?

பட்டறைப் பையன், ஆத்தங்குடி:
எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. வெளியூர் ஆர்டருக்கு ஆங்கிலத்தில் மெயில் போடுவது என் வேலை. ஒரு வீட்டுக்கு முதலில் சிவப்புப் பூ கேட்டார்கள், பிறகு பச்சை, இப்போது மறுபடியும் சிவப்பு. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலரை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திவிட்டால் அப்புறம் மாற்ற வழியே இல்லை. 300 பச்சைக் கல் தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கிறது. இஞ்சினியர் எழுதுகிறார்: 'வீட்டுக்காரர் கொஞ்சம் ஃபிக்கிள், மன்னிக்கவும்.' அகராதியில் 'நிலையற்ற' என்று மட்டும் இருக்கிறது. அப்பா, "நம்பக்கூடாத ஆளா? முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவா?" என்கிறார். சரியாகச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை:
தம்பி, முன்பணத்தைத் திருப்ப வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வஞ்சகம் என்ற பொருள் இருந்தது உண்மை. இன்று அது இல்லை. காரணமில்லாமல் விருப்பம் மாறிக்கொண்டே இருப்பவர், அவ்வளவுதான். நம்மூரில் 'நேரத்துக்கொரு பேச்சு' என்போமே, அது. மதில்மேல் பூனை வேறு, அது இன்னும் முடிவே எடுக்கவில்லை. பச்சோந்தியும் வேறு, அது தன் லாபத்துக்காக மாறும். ஃபிக்கிள் ஆள் ஒவ்வொரு முறையும் மனதார விரும்பித்தான் கேட்கிறார், அந்த விருப்பம் நிற்பதில்லை. தக்க காரணத்தோடு முடிவை மாற்றுபவரை இப்படிச் சொல்லக்கூடாது.
ஆங்கிலத்தில் அதிர்ஷ்ட தேவதைக்கும் இதே அடைமொழி உண்டு. நாம் லட்சுமியைச் சஞ்சலா என்பதும் ஓரிடத்தில் தங்கமாட்டாள் என்றுதானே.

கானாடுகாத்தான் வாசகி:
வானிலைக்கும் சொல்வார்கள். மதியம் மேகம் கூடும், ஊருணிக்கு ஒரு சொட்டு விழாது, அந்த மாதிரி வானத்துக்கு. ஆனால் ஒன்று, பதில் மெயிலில் நீங்கள் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். இஞ்சினியர் தன் ஆளைப் பற்றிச் சொன்னது அவரோடு போகட்டும். நீங்கள் சொன்னால் குறை சொன்னதாகிவிடும். 'நிறத்தை முடிவாக உறுதி செய்யுங்கள்' என்று எழுதினால் போதும்.

பட்டறைப் பையன், ஆத்தங்குடி:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம அப்பத்தா சேலை எடுக்கப் போன மாதிரிதானா?" என்றார், முகம் தெளிந்துவிட்டது. சிவப்பில் ஒரே ஒரு கல் ஊற்றி அனுப்பப் போகிறோம். அதன் பின்புறம் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அடுத்த கண்ணாடியைத் துடைப்போம். பச்சைக் கல்லுக்குத் தனிக் கணக்கு.