பிள்ளைகளுக்குக் காரமில்லாத சிக்கன், தொட்டுக்கொள்ள ஒரு சாஸ்: வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிவிடுகிறது. எட்டு மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். சின்னவளுக்கு 4 வயது, மிளகாய்த்தூள் வாசம் பட்டாலே தட்டைத் தள்ளிவிடுவாள். அதனால் எலும்பில்லாத நெஞ்சுக்கறியை விரல் நீளத்துக்கு நறுக்கி, தயிர், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் பிசறிக் காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மாலையில் கார்ன்ஃபிளார் மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பொரிக்கிறேன். கறி மெத்தென்று நன்றாகவே வருகிறது. ஆனால் மேலே ஒட்டிய தூள் பாதி கல்லிலேயே உதிர்ந்துவிடுகிறது. தயிரை நன்றாக வழித்துவிட்டுப் புரட்ட வேண்டுமா? இல்லை, உருட்டியபின் சற்று நேரம் அப்படியே வைக்க வேண்டுமா? ஏர் ஃப்ரையர் இல்லை, கேஸ் அடுப்பு மட்டும்தான்.

அப்புறம், தொட்டுக்கொள்ள. கடைத் தக்காளி சாஸில் சர்க்கரை அதிகம், அடிக்கடி கொடுக்க மனம் வரவில்லை. கெட்டித் தயிரில் புதினா அரைத்துக் கலந்தால் பெரியவன் விரும்பிச் சாப்பிடுகிறான், சின்னவளுக்குப் பச்சை நிறமே ஆகாது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ, பத்து நிமிடத்தில் ஆகிற சாஸ் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். முந்திரி மட்டும் வேண்டாம், அவளுக்கு ஒவ்வாமை இருக்கிறது.