ஓப்பன்சிபிஎன்: ஜிபிஎஸ் செருகினால் மவுஸ் அம்பு தானாக ஓடுகிறது, படகு சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது

கழிமுகம்_28:
வணக்கம். அமெரிக்காவில் அனாபொலிஸ் பக்கம் 28 அடிப் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். இவ்வளவு நாள் பழைய ராஸ்டர் சார்ட்டுகளை (காகிதக் கடல் வரைபடத்தின் படம்) வைத்தே சமாளித்தேன். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா அவற்றை நிறுத்திவிட்டதால், விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஓப்பன்சிபிஎன் என்ற கடல்வழி காட்டும் மென்பொருளைப் போட்டு, இலவச இஎன்சி சார்ட்டுகளை (வெக்டர் வகை மின்னணு வரைபடம்) இறக்கியிருக்கிறேன். சார்ட் நன்றாகத் தெரிகிறது. ஆனால் யுஎஸ்பி ஜிபிஎஸ்ஸைச் செருகி லேப்டாப்பைத் திறந்தால் மவுஸ் அம்பு திரை முழுக்கத் தாவுகிறது, கண்ட மெனுவையும் திறக்கிறது. வைரஸ் ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை. சார்ட்டில் படகுச் சின்னம் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை மனைவி, மகளோடு கிளம்ப வேண்டும். யாராவது உதவுங்கள்.

வாடைக்காற்று:
ஜிபிஎஸ்ஸைச் செருகியபடியே லேப்டாப்பை ஆன் செய்கிறீர்களா? விண்டோஸ் ஏறிய பிறகு செருகினாலும் இப்படித்தானா?

கழிமுகம்_28:
செருகியபடியேதான் ஆன் செய்வேன். இப்போது பிறகு செருகிப் பார்த்தேன், அம்பு அசையவில்லை!

வாடைக்காற்று:
அப்படியென்றால் வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். ஜிபிஎஸ் ஓயாமல் எழுத்து வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் ஏறும்போது அதைப் பழைய காலத்து சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியைத் திறந்தால் 'சீரியல் பால்பாயிண்ட்' என்று ஒன்று இருக்கும். அதை டிஸேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம், அடுத்த முறை திரும்ப வந்து நிற்கும். அம்பு ஓடும்போது அதைப் பிடிப்பது கஷ்டம், கீபோர்டிலேயே செய்யுங்கள்.

கழிமுகம்_28:
செய்துவிட்டேன், அம்பு அடங்கிவிட்டது. மிக்க நன்றி. படகு மட்டும் இன்னும் சாம்பல்தான்.

பழைய_மாலுமி:
தம்பி, அதே டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியில் காம் எண் (ஜிபிஎஸ் இணைந்திருக்கும் போர்ட்டின் எண்) என்ன என்று பாருங்கள். ஓப்பன்சிபிஎன்னின் கனெக்‌ஷன்ஸ் பக்கத்திலும் அதே எண் இருக்க வேண்டும். வேறு யுஎஸ்பி துளையில் செருகினாலே எண் மாறிவிடக்கூடும். அதனால் ஒரு துளையை ஜிபிஎஸ்ஸுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பாட் ரேட் (தரவு வரும் வேகம்) 4800 வைத்துப் பாருங்கள், வரவில்லை என்றால் 9600. வேறு மென்பொருள் எதுவும் அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கும். அப்புறம் ஜிபிஎஸ் அனுப்பும் வரிகளைக் காட்டும் சாளரத்தை (பழைய பதிப்புகளில் என்எம்இஏ டீபக்) திறந்து, ஆர்எம்சி என்று வரும் வரியில் நேரத்துக்கு அடுத்த எழுத்தைக் கவனியுங்கள். 'ஏ' என்றால் இடம் கிடைத்துவிட்டது. 'வி' என்றால் செயற்கைக்கோள் இன்னும் பிடிபடவில்லை, வானம் தெரியும் இடத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

கழிமுகம்_28:
காம் எண்தான் அண்ணா! ஓப்பன்சிபிஎன்னில் 3 என்று கொடுத்திருந்தேன், உண்மையில் 5. மாற்றியதும் வரிகள் ஓடின, ஆனால் 'வி'. மேல்தளத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன், ஐந்து நிமிடத்தில் 'ஏ' வந்தது, படகும் சிவப்பாகிவிட்டது. கடைசியாக ஒன்று: பாதுகாப்பு ஆழம் (அதைவிட ஆழம் குறைந்த இடம் நீலமாகத் தெரியும்) 6 என்று போட்டேன், எங்கள் ஓடை முழுக்க நீலமாகிவிட்டது. ராஸ்டரில் 7 என்று இருந்த இடத்தில் இப்போது 2 என்றுதான் இருக்கிறது. மண் தூர்ந்துவிட்டதா?

பழைய_மாலுமி:
தூரவில்லை தம்பி. பழைய சார்ட் அடிக்கணக்கு, இப்போது உங்கள் திரையில் மீட்டர் கணக்கு. 7 அடி என்பது ஏறக்குறைய 2 மீட்டர். நீங்கள் போட்ட 6 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 20 அடி. செசபீக் விரிகுடாவின் சராசரி ஆழமே 21 அடிதான், ஓடை நீலமாகாமல் என்ன செய்யும்? வெக்டர் சார்ட் அமைப்பில் ஆழத்தின் அலகை அடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். படகில் இருக்கும் எல்லோரும் ஒரே அலகில் பேச வேண்டும், இது மட்டும் தவறக் கூடாது. உங்கள் படகு நீருக்குள் எவ்வளவு இறங்கும்?

கழிமுகம்_28:
நாலரை அடி.

பழைய_மாலுமி:
அப்படியானால் பாதுகாப்பு ஆழம் 6 அடி போதும். ஒன்றை மறக்காதீர்கள்: சார்ட்டில் உள்ள ஆழம் ஒவ்வொரு நாளின் மிகத் தாழ்ந்த நீர்மட்டங்களின் சராசரியிலிருந்து கணக்கிட்டது. வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் விரிகுடாவின் நீர் கடலுக்குத் தள்ளப்பட்டு, மட்டம் அதற்கும் கீழே போகும். அன்று திரையை நம்பி ஓடைக்குள் நுழையாதீர்கள், ஆழமானியைப் பாருங்கள்.

கழிமுகம்_28:
அடிக்கு மாற்றிவிட்டேன், ஓடையின் நடுவில் வெள்ளை வழி தெளிவாகத் தெரிகிறது. மகளுக்கும் ஆழமானியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். சனிக்கிழமை தாமஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கம் வரை போய்வந்து எழுதுகிறேன் அண்ணா.