புதுப்பிப்பு: ஜெல்லிஃபினில் போஸ்டர் மாறாத சிக்கல் தீர்ந்தது

தக்கலை வீட்டில், நம்மிடம் இருக்கும் சினிமாக்களை டிவியில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் மென்பொருளில் 1980 பில்லாவுக்கு 2007 பில்லாவின் போஸ்டரே வருகிறது, எத்தனை ரெஃப்ரெஷ் செய்தாலும் மாறவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. பழைய கணினியிலிருந்து நகலெடுத்தபோது ஃபோல்டருக்குள் சினிமாவின் விவரங்களைச் சொல்லும் ஒரு என்எஃப்ஓ கோப்பும் போஸ்டர் படமும் கூடவே வந்திருக்கின்றன. ஃபோல்டரில் இருக்கும் தகவலுக்குத்தான் முதல் மரியாதை. இணையத்தில் இருப்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டையும் அழித்தேன். ஃபோல்டர் பெயரில் அடைப்புக்குறிக்குள் 1980 சேர்த்தேன். மெட்டாடேட்டா (பெயர், ஆண்டு போன்ற விவரங்கள்) முழுவதையும் மாற்றச் சொல்லி, போஸ்டர் போன்ற படங்களை மாற்றும் பெட்டியிலும் டிக் போட்டு ரெஃப்ரெஷ். டிவியில் மட்டும் பழைய போஸ்டரே நின்றது. டிவி ஆப் சேமித்து வைத்திருந்த தற்காலிக நகலை (கேஷ்) அழித்ததும் சரியானது.

அந்த டிக்கைப் போடுமுன், நீங்களே தேடிச் சேர்த்த போஸ்டர்களை நகல் எடுத்துவிடுங்கள்.

ராத்திரி அப்பா ரிமோட்டை எடுத்தார். "மக்ளே, இப்பதாம்லா நம்ம ரஜினி வந்திருக்காரு!"