அபராதம் போட்டால் கோப்பு நகருமா?

வைகைவாசி:
அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து மூன்று மாதம். இணையத்தில் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி. நேரில் போனால் வருவாய் ஆய்வாளர் களப்பணிக்குப் போயிருக்கிறார். மறுமுறை போனால் கூட்டத்தில் இருக்கிறார். என்னிடம் யாரும் பணம் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் எங்கே புகார் கொடுப்பது என்றாவது தெரிந்திருக்கும்.

மத்தியப் பிரதேசம் 2010இலேயே சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். பீகார், கர்நாடகம், கேரளம் என்று பல மாநிலங்கள் தங்கள் பாணியில் இத்தகைய சட்டங்களை இயற்றின. தாமதம் செய்பவரின் சம்பளத்தில் கைவைத்தால்தான் கோப்பு நகரும் என்கிறேன். யாருக்கு என்ன ஆட்சேபம்?

கூடுதல் பொறுப்பு:
எனக்கு ஆட்சேபம். நான் கிராம நிர்வாக அலுவலர். எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரு கிராமம்; ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் பக்கத்துக் கிராமங்கள் இரண்டும் என் தலையில். புனைபெயரின் காரணம் புரிந்திருக்கும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், மழை வந்தால் சேதக் கணக்கு, இடையில் பயிர் அடங்கல், ஜமாபந்தி என்னும் ஆண்டுக் கணக்குச் சரிபார்ப்புக்குக் கணக்கு முடிப்பது. உங்கள் வாரிசு விசாரணை இத்தனைக்கும் நடுவே வருகிறது. என் சம்பளத்தில் 250 ரூபாய் பிடியுங்கள். காலிப் பணியிடத்தை ஆண்டுக்கணக்கில் நிரப்பாதவரிடம் எவ்வளவு பிடிப்பீர்கள்?

சட்டப்புத்தகம்:
மத்தியப் பிரதேசச் சட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அபராதம் போட முடியாது. போதிய, நியாயமான காரணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். அலுவலருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பும் உண்டு. 'மூன்று கிராமம் பார்க்கிறேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். அந்த விளக்கம் மேலே பத்து முறை போனால் காலிப் பணியிடம் பதிவுக்கு வந்துவிடும் அல்லவா?

கர்நாடகத்தின் சேவை உத்தரவாதத் திட்டமான 'சகாலா'வில் தாமதத்துக்காக விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது நாளுக்கு 20 ரூபாய், மிஞ்சினால் 500. தேநீர்ச் செலவுக்குத்தான் ஆகும். ஆனால் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது எழுத்தில் வருகிறதே, எனக்கு அதுதான் முக்கியம்.

கூடுதல் பொறுப்பு:
பதிவுக்கு வரும். பிறகு அந்தப் பதிவையும் யாராவது 'தக்க நடவடிக்கைக்காக' அனுப்பிவைப்பார்கள்.

பழைய தலைமை எழுத்தர்:
நான் ஓய்வுபெற்றவன். இரு தரப்பும் கோப்பை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள் (கூடுதல் பொறுப்பு தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், கோப்பு உங்கள் கையை விட்டுப் போன பிறகு நடப்பதைச் சொல்கிறேன்).

காலக்கெடு போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? கெடு முடிவதற்கு முந்தைய நாள் மாலை, 'ஆவணம் குறைவு' என்று மனு திரும்பும். கணக்கில் அது 'முடிவு செய்யப்பட்டது'. நிலுவைப் பட்டியல் பளிச்சென்று இருக்கும், மனுதாரர் முதலிலிருந்து தொடங்குவார். இதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன்.

சோம்பலை விடப் பெரிய நோய் பயம். ஒரு குறிப்பில் ஐந்து பேர் சுருக்கொப்பம் இடுகிறோம் என்றால் ஐந்து பேர் சரிபார்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். பிரச்சினை வந்தால் ஐந்தாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அரசுப் பணம் வீணானால் தணிக்கைத் தடை வரும். மக்களின் நாள் வீணானால் எந்தத் தணிக்கையும் வராது. கையெழுத்துப் போட்டதற்காக 17(ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போடாமல் வைத்திருந்ததற்காக வாங்கியவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

வைகைவாசி:
ஐயா, நீங்கள் என் கட்சிக்கு அல்லவா வாதாடியிருக்கிறீர்கள்! போடாமல் வைத்திருப்பதற்கும் விலை வேண்டும் என்றுதானே நானும் கேட்கிறேன்? காரணமின்றித் திருப்பினாலும் அபராதம் என்று ஒரு வரி சேர்த்தால் போயிற்று.

பழைய தலைமை எழுத்தர்:
காரணத்துக்கா பஞ்சம், அம்மா? காரணம் எழுதத்தானே எங்களுக்குப் பயிற்சி.

நடுப்பக்கம்:
கெடுவை விடுங்கள். இந்த விசாரணை எல்லாம் எதற்கு? ஒரு காலத்தில் சான்றிதழ் நகலில் சான்றொப்பத்துக்காக அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தோம். பிறகு மத்திய அரசுத் துறைகள் சுய சான்றொப்பத்தை ஏற்கத் தொடங்கின. வானம் இடிந்தா விழுந்தது? வாரிசு யார் என்று குடும்பமே உறுதிமொழி கொடுக்கட்டும், பொய் என்றால் வழக்குப் போடுங்கள்.

கூடுதல் பொறுப்பு:
கல்லூரிச் சான்றிதழ் நகலும் வாரிசுப் பட்டியலும் ஒன்றா? வேற்றூரில் கட்டிக்கொடுத்த தங்கையின் பெயரையே விட்டுவிட்டு மனுக் கொடுத்த அண்ணன்களை நான் விசாரணையில் பிடித்திருக்கிறேன். உங்கள் உறுதிமொழியில் அந்தத் தங்கை காணாமல் போவாள். வழக்குப் போட்டு அவள் பங்கை மீட்பதற்குள் அவளுக்கே பேரன் பிறந்துவிடுவான்.

நடுப்பக்கம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாரிசுச் சான்றை மட்டும் என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். வருமானச் சான்றை விடமாட்டேன்.

சட்டப்புத்தகம்:
'எதுவும் மாறாது' என்ற தொனியில் பேசுகிறவர்களுக்கு ஒன்று. பரம்பரையாக வந்த கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வழக்குப் போனார்கள், 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. இன்று தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். ஆள வந்தவர்கள் நினைத்தால் முடியும்.

பழைய தலைமை எழுத்தர்:
ஆள் மாறினார், உண்மைதான். அதே சிட்டா, அதே அடங்கல். அது மட்டுமா? வாய்மொழி உத்தரவுக்குப் பணிந்து நடக்கக் கூடாது, அதை எழுத்தில் பதிய வேண்டும் என்று முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை அலுவலகத்தில் 'எழுத்தில் கொடுங்கள் ஐயா' என்று கேட்க வாய் வருகிறது? கேட்டவருக்கு அடுத்த வாரமே இடமாற்றம் கிடைக்கும் என்ற அச்சம் இருக்கிறதே. ஆகவே அபராதத்துக்கு முன் அலுவலருக்கு ஓரிடத்தில் இரண்டாண்டாவது நிலையாக வேலை கொடுங்கள். அதன் பிறகு போடுங்கள் அபராதம், நானே கைதட்டுவேன்.

வைகைவாசி:
அதுவரை நான் என்ன செய்வது?

பழைய தலைமை எழுத்தர்:
ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் மனு எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, எப்போது அடுத்தவருக்குப் போனது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்னால் சான்றே வந்துவிடும்.

கூடுதல் பொறுப்பு:
ஐயா, அந்தப் பதில் மனுவையும் நான்தானே தயார் செய்ய வேண்டும்?

வைகைவாசி:
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் உண்டு. அந்த பயத்தில்தான் சான்று வருமென்றால், நான் முதலில் சொன்னதும் அதுதானே, ஐயா?

பழைய தலைமை எழுத்தர்:
வில்லையை ஒட்ட மறந்துவிடாதீர்கள், அம்மா. அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள்.