லா கம்பனெல்லாவா, நான்காம் பாலேடா: எது கடினம்? வாசித்தவர்களின் அனுபவங்கள்

பதிவு 1

இந்த இரண்டு பியானோ படைப்புகளையும் மேடையில் வாசித்தவன் என்ற முறையில், பிரான்ஸ் லிஸ்ட்டின் ‘லா கம்பனெல்லா’வைவிட ஷோப்பானின் நான்காம் பாலேடான எஃப் மைனர் பாலேடே கடினமானது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

லா கம்பனெல்லாவின் 1851ஆம் ஆண்டு வடிவத்தில் வலக்கை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) தொலைவு வரை தாவ வேண்டியிருக்கிறது. கேட்பவர்களை வியக்க வைப்பது அந்தத் தாவல்தான். ஆனால் தொடக்கப் பகுதியில் கை போய்ச் சேரும் உச்ச சுரம் பெரும்பாலும் ஒரே டி ஷார்ப். அந்த இடம் மாறாததால், மெதுவாக வாசித்துப் பழகும்போது தோளும் முழங்கையும் தொலைவைத் தாமாகவே அறிந்துகொள்கின்றன. நான்காம், ஐந்தாம் விரல்களால் வாசிக்க வேண்டிய ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாறி மாறி ஒலிப்பது) பகுதிதான் எனக்கு அதைவிடச் சிரமம் தந்தது.

பாலேடில் அவ்வாறு ஒரே அசைவை நம்பியிருக்க வழியில்லை. 1842இல் எழுதப்பட்ட இப்படைப்பில் முதல் மெட்டு திரும்பத் திரும்ப வந்தாலும், ஒருமுறை அதனடியில் இன்னொரு குரல் (தனி இசைவரி) சேர்கிறது, ஒருமுறை குரல்கள் ஒன்றையொன்று பின்தொடர்கின்றன, பிறகு அதே மெட்டு நுண்ணிய அலங்காரச் சுரங்களாகப் பிரிந்து இடக்கையின் தாளக்கணக்கோடு ஒட்டாமல் ஓடுகிறது. ஒரே கையில் ஓரத்து விரல்கள் மெட்டைப் பாட, மற்ற விரல்கள் தணிந்து ஒலிக்க வேண்டும்; இதை விரல் பயிற்சியால் மட்டும் பெற முடியாது, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடிப் பார்த்த பிறகே என் காதுக்கு அது வசப்பட்டது. இவ்வளவும் கடந்து 10 நிமிடங்கள் ஆகும் வேளையில், முழங்கிய இசை அடங்கி மிக மெல்லிய நீண்ட கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்) ஒலிக்கின்றன, அவற்றை அடுத்து கோடா எனும் முடிவுப் பகுதி இரட்டைச் சுரங்களோடு பாய்கிறது. அந்த அமைதியில் தோள்களைத் தளர்த்திக்கொள்ளாதவர் கோடாவின் பாதியிலேயே களைத்துவிடுவார்.

பதிவு 2

பாலேடு பற்றி நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தாவல்கள் பழக்கத்தில் அடங்கிவிடும் என்பது ஒரு கை மட்டும் தாவும்போதே பொருந்தும். ஷூமன் 1839இல் வெளியிட்டு லிஸ்ட்டுக்கே காணிக்கையாக்கிய சி மேஜர் ஃபேண்டஸி என்ற பியானோ படைப்பில், இரண்டாம் பகுதியின் முடிவில் இரு கைகளும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளில் தாவுகின்றன. கண்களோ ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும். இடக்கையைக் கண்களை மூடிக்கொண்டு தனியே பழக்கிய பிறகு, பார்வையை முழுவதும் வலக்கைக்கே கொடுத்து வாசிக்கிறேன். இப்பகுதியை வாசித்த மற்றவர்கள் எந்தக் கையைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.