காமெடி நாடகம் போட்ட அனுபவம்: சிரிப்புக்காக நின்றேன், வரவில்லை

எங்கள் குழுவில் எல்லோருமே பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், ராத்திரியில்தான் ஒத்திகை. முதல் வாரம் ஸ்கிரிப்டைப் படிக்கும்போதே விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது வாரம் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. இது காமெடிதானா என்றே சந்தேகம் வந்து, ஆளாளுக்கு வசனத்தில் சொந்தச் சரக்கைச் சேர்க்க, இயக்குநர் அத்தனையையும் வெட்டினார் (எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் செய்தது சரி).

முதல் நாள் நான் உள்ளே வந்து சொன்ன ஒரு சாதாரண வரிக்கு அரங்கமே சிரித்தது. ஒத்திகையில் அந்த இடத்தில் யாரும் சிரித்ததே இல்லை. பதற்றத்தில் சிரிப்பின் நடுவிலேயே அடுத்த வரியைச் சொல்லிவிட்டேன். கதைக்கே ஆதாரமான, பெட்டி மாறிப்போன விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது, அது ஒருவர் காதிலும் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு யார் எதற்கு ஓடுகிறார்கள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

"சிரிப்பு ஏறும், அப்புறம் இறங்கும். இறங்க ஆரம்பிச்சதும் பேசு. முழுசா அடங்குற வரைக்கும் நிக்காதே, சூடு ஆறிடும்" என்றார் இயக்குநர். சரி என்று மறுநாள் அதே இடத்தில் நின்றேன். சிரிப்பே வரவில்லை! நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து எதிரில் இருந்தவர் என் வரியை எடுத்துக் கொடுக்க, மேடையோர மறைவிலிருந்து (சைடு விங்) வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குரலும் வர, நானும் வாயைத் திறக்க, மூன்று பேரும் ஒரே நேரத்தில் "பெட்டி மாறிடுச்சு" என்றோம். அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். மூன்றாம் நாள் வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்த்தோம், ஒரு ஈ காக்கா சிரிக்கவில்லை.

---

எங்கள் நாடகக் குழுவிலும் இதே கதைதான். இன்னொன்று, கூட்டம் குறைவாக இருந்தால் அங்கங்கே உட்கார விடாதீர்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வாய்விட்டுச் சிரிக்க மனுஷனுக்குக் கூச்சம். வந்திருந்த 30 பேரையும் முன் வரிசைகளுக்கு நகர்த்திய பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அன்றைக்குத்தான் செட்டில் இருந்த ஒரே கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. மாமனார் வேஷம் போட்டவர் அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், "இந்தாங்க மாப்பிள்ளை" என்று நாயகன் கையில் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறி வெளியே போய்விட்டார். கதைப்படி அது மூன்றாவது மாடி.